சேவை மனப்பான்மை போதும் என்கிறவர்களுக்கு

கல்லூரி, பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணியில்லாமல் பாடம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளர்களின் சம்பளத்தைப் பற்றி ஒருவர் கூட்டத்தில் பேசிய ஆடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். யார் பேசியது, எந்தக் கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். பெயர் எழுதப்போவதில்லை. "சம்பளத்தப் பாத்து வாறவங்க நமக்கு வேண்டாம், சேவை மனப்பான்மை உள்ளவங்க போதும். கேரளாவுல கூடுதல் குடுக்கான்னா அங்கயே போட்டும்." கடைசி வரிக்குக் கைதட்டலும் கேட்கிறது. அதுதான் அதிகம் வலித்தது.

போகட்டும் என்றால் போய்விடுவார்கள் சார். போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். குமரி மாவட்ட எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் முப்பது சொச்சம் கிலோமீட்டர். காலையில் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஏறினால் முதல் பீரியடுக்கு வகுப்பில் இருக்கலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆளுக்குத் திருநெல்வேலியைவிட அதுதான் கிட்ட. பாதிப் பேருக்கு மலையாளமும் வரும். சம்பளம் போதுமா போதாதா என்பதை அடுத்த வாசலில் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்கள் ஊரில் அடுத்த வாசல் எல்லைக்கு அப்பால் பாறசாலையிலேயே திறந்து கிடக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான். மே மாதம் கிடையாது. மொத்தம் 2,75,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 22,916. கேரளத்தில் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) அல்லது பி.எச்டி. இருக்கும் கெஸ்ட் ஆசிரியருக்கு நாளொன்றுக்கு 2,200, மாத உச்சவரம்பு 50,000. இருபத்திரண்டு நாள் வேலை செய்தால் 48,400. ஒரே படிப்பு, ஒரே நெட் சான்றிதழ், நடுவில் ஒரு செக்போஸ்ட். சம்பளம் இரண்டு மடங்கு.

"கேரளாவிலும் சம்பளம் தாமதமாகத்தான் வருது" என்று உடனே ஒருவர் எழுதுவார். உண்மைதான். அங்கே கல்லூரிக் கல்வித் துணை இயக்குநர் அலுவலகத்தில் பெயர் பதிந்து, நேர்காணல் முடிந்து, நியமன ஒப்புதல் வந்து, பில் டிரஷரிக்குப் போவதற்குள் ஓணம் தாண்டிவிடும். விடுமுறை நாளுக்குக் காசு கிடையாது. இதெல்லாம் தெரிந்தும் போகிறார்கள். தாமதமாக வரும் 48,000-க்கும் தாமதமாக வரும் 25,000-க்கும் வித்தியாசம் பார்க்கக் கணக்கு வாத்தியார் வேண்டாம்.

இது கேரளாக்காரன் தாராளமாகக் கொடுக்கும் தொகையும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2019 ஜனவரியில் சொன்னது: ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000-க்கு மிகாமல். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. கௌரவ விரிவுரையாளர் தலையிலும் அதே அளவு, பல இடங்களில் அதற்கு மேலும் விழுகிறது. நாலு வாரத்துக்கு 64 வகுப்பு. 25,000-ஐ அதால் வகுத்தால் ஒரு வகுப்புக்கு 390 ரூபாய். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த 50,000-ஐக் கொடுக்கச் சொன்னது.

இன்னொரு கணக்கு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி ஆராய்ச்சிக்குச் சேரும் மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000, வீட்டு வாடகைப் படி தனி. அவர் ஆராய்ச்சியை முடித்து, டாக்டர் பட்டம் வாங்கி, அதே துறையில் பாடம் எடுக்க வந்தால் 25,000. படிக்கும்போது கிடைத்தது படிப்பிக்கும்போது கிடைக்காது. இதில் சேவை மனப்பான்மை எங்கிருந்து வரும்? வந்தாலும் எத்தனை மாதம் நிற்கும்?

கணிதத்தில் முனைவர் பட்டமும் நெட்டும் உள்ள ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக்குக் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் எடுத்துக்கொண்டிருந்தார். ஜூனில் வகுப்பு தொடங்கியாயிற்று, நியமன அனுமதி வந்தது ஜூலைக் கடைசியில். வகுப்பெடுத்த மணிக்கணக்கைத் துறைத் தலைவர் சான்றளித்து, பதிவாளர் அலுவலகம் போய், நிதி அலுவலர் மேசை போய், தணிக்கைப் பிரிவுக்குப் போன பில், ஒரு வாரத்துக்கான வருகைத்தாளில் சுருக்கொப்பம் இல்லை என்று திரும்பி வந்தது. அக்டோபர் வரை கையில் ஒரு ரூபாய் இல்லை. "எனக்க பிள்ளைக்க பஸ் ஃபீஸுக்கு மாலைய வச்சாச்சு சார்" என்றார். அடுத்த வாரம் எல்லை தாண்டி ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டார். அவர் விட்ட இடம் கௌஷி தேற்றம். பதிலுக்கு வந்தவர் முதல் யூனிட்டிலிருந்து மறுபடி தொடங்கினார். அந்தப் பிள்ளைகள் கடைசி இரண்டு யூனிட்டை ஜெராக்ஸ் நோட்டில்தான் படித்தார்கள். அவருக்குச் சேவை மனப்பான்மை இல்லை என்று அந்த ஆடியோக்காரர் சொல்வாரா? நான்கு மாதம் கடனில் பாடம் எடுத்த பெண்ணைப் பார்த்தா?

நிதி இல்லை என்பார்கள். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன், பல்கலைக்கழகங்களின் கஷ்டம் நிஜம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களையும் தணிக்கைத் தடைகளையும் காட்டி அரசு மொத்தமாகத் தரும் தொகுப்பு மானியத்தில் பிடிக்கிறார்கள். கல்லூரிகள் தன்னாட்சி வாங்க வாங்கத் தேர்வுக் கட்டணம் அவர்கள் கைக்குப் போகிறது. தொலைதூரக் கல்வியை அவரவர் எல்லைக்குள் நடத்தச் சொன்னதும் வெளிமாநில மையங்கள் மூடப்பட்டன. அதிலிருந்து வந்த காசில்தான் பல பல்கலைக்கழகங்கள் ஓய்வூதியமே கொடுத்துக்கொண்டிருந்தன. மதுரையில் சம்பளமும் ஓய்வூதியமும் தள்ளிப்போனதையும், 2024-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியதையும் எல்லாரும் பார்த்தோம்.

சரி, காசில்லை. அப்படியானால் இருக்கிற காசு எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டாமா? அலுவலகப் பணியாளரை ஏஜென்சி மூலம் எடுக்கிறார்களே, அதைப் பாருங்கள். 15,000 ரூபாய் கூலி என்று வையுங்கள். நிறுவனப் பங்கு பி.எஃப். நிர்வாகச் செலவோடு 13 சதவீதம், 1,950. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 487.50. இந்தக் கூட்டுத்தொகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 3,138.75. ஏஜென்சியின் சேவைக் கட்டணத்தைச் சேர்க்காமலே பல்கலைக்கழகம் கொடுப்பது 20,576. தொழிலாளியின் பங்கு பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 112.50 பிடித்தபின் அவர் கைக்கு வருவது 13,087. பி.எஃப்., இ.எஸ்.ஐ. அவருக்குத்தான், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அவரை நேரடியாகத் தொகுப்பூதியத்தில் எடுத்திருந்தால் அந்த மூவாயிரத்துச் சொச்சம் வரி கட்டவேண்டியதே இல்லை. தேர்வுப் பிரிவில் மதிப்பெண் பதிவேற்றுகிறவர் அவர்தான். ஏஜென்சி மாறினால் ஆளும் மாறுகிறார். புதியவர் மென்பொருளைப் பழகுவதற்குள் ரிசல்ட் தள்ளிப்போகும், மாணவன் மதிப்பெண் பட்டியலுக்கு அலைவான். கணினிப் பிரிவில் கொஞ்சம் கெட்டிக்காரனாக ஒருவன் இருந்தால், திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் ஐ.டி. வளாகம் இருக்கிறது. அவனைத் தடுத்து நிறுத்த நம் கையில் என்ன இருக்கிறது?

ஆட்களைப் போகவிட்டால் செலவு மிச்சம் என்பதும் தப்புக் கணக்கு. யூ.ஜி.சி.யின் 2022 விதிப்படி பி.எச்டி. வழிகாட்டியாக முழுநேர நிரந்தர ஆசிரியரே இருக்க முடியும். பேராசிரியருக்கு எட்டு ஆய்வாளர், இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு. ஒரு பேராசிரியர் ஓய்வுபெற்று அந்த இடத்தைக் கௌரவ விரிவுரையாளரை வைத்து ஓட்டினால், துறைக்கு எட்டு ஆய்வு இடம் போயிற்று. ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவும் ஆள் இல்லை, அந்தப் பணமும் போயிற்று. தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று கேட்பார்கள், அதிலும் மதிப்பெண் போகும். இழப்பெல்லாம் வேறு வேறு தலைப்பில் விழுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

"தனியார் கல்லூரியில் இதைவிடக் குறைவுதானே?" ஆமாம், குறைவுதான். அதைக் காட்டி அரசுப் பல்கலைக்கழகம் தன் அளவுகோலை இறக்கிக்கொள்ளக் கூடாது.

"தகுதியில்லாமல் சிபாரிசில் வந்தவர்கள்" என்று ஒருவர் நேற்றே எழுதிவிட்டார். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேர்காணல் வைத்தது நீங்கள், சான்றிதழ் சரிபார்த்தது நீங்கள், ஆண்டுதோறும் அதே ஆளைத் திரும்ப அழைப்பதும் நீங்கள். விடைத்தாள் திருத்த, சேர்க்கை வேலை பார்க்க, நாக் கோப்பு தயாரிக்க எல்லாம் தகுதி இருக்கிறது, சம்பளம் என்று வரும்போது மட்டும் இல்லாமல் போகிறதா? தேர்வு எழுதி உள்ளே வரட்டும் என்கிறீர்கள். 2024-இல் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடத்துக்கு அறிவிப்பு வந்தது, தேர்வு தள்ளிப்போனது. காத்திருந்தவர்களுக்கு வயது காத்திருக்கவில்லை.

நிரந்தரப் பணியில் இருக்கும் நண்பர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கோபப்பட்டாலும் பரவாயில்லை. ஏழாவது ஊதியக்குழுப்படி உங்கள் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, படிகள் தனி. அது நியாயமான சம்பளம், குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் அதே பாடம் எடுப்பவருக்கு அதில் பாதிகூட இல்லை என்பதை எந்தச் சங்கக் கூட்டத்தில் முதல் தீர்மானமாக வைத்தீர்கள்? அந்த ஆடியோவில் கைதட்டியது யார்?

பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டில் இருப்பவர்கள் இதைப் படிப்பதாகச் சொல்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு மூன்று பொருள் வையுங்கள். நியமன அனுமதியை மே மாதத்திலேயே கொடுங்கள், ஜூன் பில்லை ஜூலையில் அனுப்ப அது ஒன்று போதும். கௌரவ விரிவுரையாளர் ஊதியத்தைத் தற்செயல் செலவிலிருந்து எடுத்துச் சம்பளத் தலைப்பில் போடுங்கள், அப்போதுதான் காசு தட்டும்போது முதலில் அதை வெட்டமாட்டார்கள். 50,000-ஐ ஒரே ஆண்டில் தர முடியாவிட்டால் இந்த ஆண்டு 35,000, அடுத்த ஆண்டு மீதி, பன்னிரண்டு மாதமும், என்று தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள். தேதி தெரிந்தால் ஒரு வருஷம் பொறுப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். கேரளத்தில் அடுத்த கெஸ்ட் நேர்காணல்கள் தொடங்குவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.