பதிவு செய்ய மறந்ததால் அல்ல

"டைரக்டர் ஜார்ஜ் ரொமேரோ பதிப்புரிமை பதிவு பண்ண மறந்துட்டார், அதனால அவரோட ஜாம்பி படம் எல்லாமே இலவசம். லாஸ்பேட்டை திரையிடலுக்கு எந்தக் காப்பியையும் இறக்கிப் போடலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது பெரும்பாலும் தவறு.

உரிமை போனது 1968-ல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கு மட்டும். அதுவும் பதிவால் அல்ல. படத்தின் முந்தைய பெயர் 'நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்'. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்போடு அதிலிருந்த பதிப்புரிமைக் குறிப்பும் போய்விட்டது. அந்த ஒரு வரி இல்லாமல் பிரதி வெளியானால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி உரிமையே கிடையாது. 'டான் ஆஃப் தி டெட்' (1978), 'டே ஆஃப் தி டெட்' (1985) இரண்டுக்கும் அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

'எந்தக் காப்பியும்' என்பதும் சரியல்ல. 1998-ல் புதுக் காட்சிகளும் இசையும் ஒட்டிய ஒரு வடிவம் வந்தது. ஒட்டியவர் ரொமேரோ இல்லை, அந்தப் பகுதிகளுக்குத் தனி உரிமையும் உண்டு. வண்ணம் பூசியதைத் தொடவே வேண்டாம்: ரத்தமாக ஊற்றியது சாக்லேட் சிரப், கறுப்பு வெள்ளையில்தான் அது ரத்தம்! மூலப்படம் 96 நிமிடம். சட்டகத்தின் அகல-உயர விகிதம் கிட்டத்தட்ட 4:3. புரொஜெக்டரில் அகலத்திரை அளவான 16:9-க்கு இழுத்தால் முகமெல்லாம் உப்பிவிடும். தேய்ந்த பிரதியில் இரவுக் காட்சிகள் வெறும் கரி. மூல நெகட்டிவிலிருந்து 2016-ல் சீரமைத்த பிரதியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.