கல் உப்புக்கு நூற்புழு சாகாது, கத்தரிதான் வாடும்

“கத்தரி வேரில் முடிச்சா? தூருக்கு ஒரு கைப்பிடி கல் உப்பு போடுங்க” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. அந்த முடிச்சை உண்டாக்கும் நூற்புழு கண்ணுக்குத் தெரியாத நுண்புழு, வேருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதைக் கொல்லும் அளவுக்கு உப்பு ஏறினால் முதலில் போவது செடி. கடலூர் கரையோரத்தில், கிணற்றுத் தண்ணீரே உவர்ப்படிக்கும் கொல்லைகளில் கேட்கவே வேண்டாம், சோடியம் ஏறி மண் இறுகிவிடும்.

முதலில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரே வீங்கியிருந்தால் நூற்புழு. காராமணி வேரில் ஒட்டிக்கொண்டு, நகம் பட்டால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் உருண்டைகள் வேறு. அவை தழைச்சத்து தருபவை.

நாற்றங்காலைச் சித்திரை வெயிலில் நன்றாக நனைத்து, 25 மைக்ரான் நிறமற்ற பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களைப் புதைத்து 4 முதல் 6 வாரம் விடுங்கள், தாளுக்கடியில் ஏறும் சூட்டில் மேல்மண் புழு சாகும். கறுப்புத் தாள் தான்தான் சூடாகும், மண்ணுக்கு அவ்வளவு இறங்காது. ஓரத்தில் காற்று புகுந்தாலும் வீண். பிரித்தபின் ஆழமாகக் கொத்தினால் அடிமண் புழு மேலே வந்துவிடும். நடவு வயலுக்கு ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு, கடைசி உழவில். அடுத்த பட்டம் செண்டுமல்லி போடலாம். தக்காளியும் வெண்டையும் வேண்டாம், இரண்டும் இதே புழுவுக்குத் தீனி.