உத்தரவே இல்லாத வேலைநீக்கம்
வேலைநீக்கம் என்றால் உத்தரவு கைக்கு வரும், அதை வைத்து வழக்குப் போடலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது ஆலைக்கும் அலுவலகத்துக்கும் சரி. திருநெல்வேலியில் எங்கள் முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் வீட்டில் பீடி சுற்றும் பெண்களுக்கு அப்படி எதுவும் வருவதில்லை. பீடிக் கடையில் இலையும் தூளும் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். “சரக்கு இல்லம்மா, அடுத்த வாரம் வா” என்று சொல்லிச் சொல்லியே என் சித்தியை நிறுத்தினார்கள். ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான கூலியோ இல்லாமல் நிறுத்தக்கூடாது என்று 1966ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டத்தின் 31ஆம் பிரிவிலேயே இருந்தது. வீட்டில் சுற்றுபவரும் அந்தச் சட்டப்படி தொழிலாளியாகத்தான் இருந்தார். ஆனால் அந்த ஆறு மாதத்தை எதைக் காட்டி நிரூபிப்பது? வாங்கிய இலை, கொடுத்த பீடிக் கணக்கை எழுதும் சித்தியின் பாஸ்புக் கடையிலேயே கிடந்தது. பாஸ்புக்கைக் கடையில் விட்டுவைக்காதீர்கள் என்பதைத்தான் கட்டுரை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.