மீன்கொத்தி உங்கள் பாட்டைக் கேட்கவில்லை

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போகிறவர்கள் தயவுசெய்து அந்தப் புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால், வியாழக்கிழமை ஆகியும் எனக்கு வயிறு எரிகிறது.

கடலூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, சிதம்பரத்தில் மாறி, கிள்ளை வழியாகப் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். உடன் வந்தவள் என் அக்கா மகள். பத்து வயது. பார்க்கும் பறவைகளின் பெயரை எழுதுவதற்கென்று பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். கூட்டம் அதிகமாக இருந்ததால், கணவன், மனைவி, ஒரு பையன் என்று மூன்று பேர் கொண்ட குடும்பத்தோடு ஒரே துடுப்புப் படகில் ஏறினோம். அந்த முடிவை எடுத்த என் வாயை நானே அடைத்திருக்க வேண்டும்.

முதல் பதினைந்து நிமிடங்கள் ஒரு குறையும் இல்லை. நீர் வடிந்திருந்த நேரம் அது. கரைச் சேற்றில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சிறு நண்டுகள், யாரையோ கூப்பிடுவதுபோல அந்தக் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. மரத்திலேயே முளைவிட்ட சுரபுன்னைக் காய்கள் முருங்கைக்காய்போலத் தொங்கியதைப் படகோட்டி காட்டினார். விசைப்படகு நுழைய முடியாத ஒரு குறுகிய வாய்க்காலுக்குள் திரும்பியதும், இருபுறத்து மரங்களும் தலைக்கு மேல் கூடிக்கொள்ள, துடுப்பின் ஓசை மட்டும் மிஞ்சியது.

அங்கேதான் அது உட்கார்ந்திருந்தது. படகோட்டி துடுப்பைத் தூக்கிப் பிடித்து, ஒரு வார்த்தையும் பேசாமல் முகவாயால் மட்டும் சுட்டினார். சேற்றுக்குள் வளைந்து இறங்கிய ஒரு வேரின் மேல், எங்களிடமிருந்து பத்தடி தூரத்தில், கருந்தலை மீன்கொத்தி. கறுப்புத் தலை, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, கருநீல முதுகு, குங்குமச் சிவப்பில் அலகு. நம் ஊர்க் குளத்தங்கரையில் தினமும் பார்க்கிற வெண்மார்பு மீன்கொத்தி வேறு, இது வேறு. சதுப்புக் காட்டையும் கழிமுகத்தையும் தேடிப் போனால்தான் இது கண்ணில் படும். படகு தானாக மிதந்து எட்டடிக்கு நெருங்கியது. அக்கா மகள் மூச்சை அடக்கிக்கொண்டு என் சட்டையைப் பிடித்திருந்தாள். பறவை தலையைச் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்தது, உடலைத் தாழ்த்தியது, இதோ பாயப்போகிறது என்ற அந்த நொடியில், எனக்குப் பின்னாலிருந்து ஓர் இயந்திரப் பெண் குரல் இணைப்புக் கிடைத்துவிட்டது என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. அடுத்த நொடி பறையும் நாதஸ்வரமும் கலந்த ஒரு குத்துப்பாட்டு அந்த வாய்க்கால் முழுவதும் வெடித்தது. மீன்கொத்தி போய்விட்டது. அதோடு, நாங்கள் கவனித்தே இராத இரண்டு குருட்டுக் கொக்குகளும் வேர்களுக்குள்ளிருந்து எழுந்து போயின.

பாட்டை நிறுத்தச் சொல்லி மரியாதையாகத்தான் கேட்டேன். "நாங்களும் காசு குடுத்துத்தானே சார் வந்திருக்கோம்" என்றார் அந்தப் பையனின் அப்பா. பாட்டுக் கேட்பதற்குக் கடலூர் மாவட்டத்தில் வேறு இடமே இல்லையா? காரில் கேட்கலாம், வீட்டில் கேட்கலாம், காதுக்குள் ஒன்றை மாட்டிக்கொண்டு இதே படகிலேயேகூடக் கேட்கலாம். மீன்கொத்தி உட்கார இருப்பதோ இந்த வாய்க்கால்தான். வடக்கே பனி இறங்கும் காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே வருகிற உள்ளான் என்னும் சேற்றுப் பறவைகளுக்கு, நீர் வடிந்து சேறு தெரிகிற சில மணி நேரம்தான் இரை தேட நல்ல நேரம். அந்த நேரத்தில் ஒவ்வொரு படகும் ஒரு முறை விரட்டினால், தின்றதைவிடப் பறந்து தீர்த்ததே அதிகமாகிவிடும். உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் இது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது தனக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்கு அரணாக நின்ற காடு இது. இதற்குள் வந்து ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதா நம்மால்?

படகோட்டி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இறங்கும்போது பயணிகள் மனம் வைத்துக் கொடுப்பதையும் நம்பித் துடுப்புப் போடுகிறவர் எப்படிச் சொல்வார்? உடன் வந்த நாம்தான் சொல்ல வேண்டும். அவர் வாய் திறந்தது ஒரே ஒரு முறைதான். அந்த மனிதர் எட்டி ஒரு கிளையை ஒடிக்கப் போனபோது, "அது தில்லை மரம், பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும் சார்" என்று கத்தினார். அதற்குக் கை பின்வாங்கியது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. அந்தப் பையன் என் அக்கா மகளின் நோட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கும் ஆசைதான். அவனுடைய அப்பாவுக்கு அது தெரியவில்லை.

கரையேறியதும் அவரே என்னிடம் வந்து, மீன்கொத்தியைப் படம் எடுத்தீர்களா, வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று கேட்டார். நான் கைப்பேசியைத் திறந்து, எடுத்த ஒரே படத்தை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். ஈரமான ஒரு வேரும் அதன் கீழே கலங்கிய தண்ணீரும் அதில் இருந்தன. இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கி, இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "இதுல பறவை எங்க சார்?" என்றார்.