டேவிட், 5 டாலர் இருக்குமா?

மாமா: மாப்பிள்ளை, எலெக்‌ஷனில் நிற்கிற இந்த ஆள் ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறார் போல. "டேவிட், கெஞ்சிக் கேட்கிறேன், ராத்திரி 12 மணிக்குள் 5 டாலர்" என்று காலையிலிருந்து மெசேஜ்.

மாப்பிள்ளை: டேவிட் உங்கள் போன் நம்பரை முன்னால் வைத்திருந்தவர் மாமா. அழித்துவிடுங்கள்.

மாமா: பாவம், 5 டாலர்தானே. நான் கொடுத்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை: ஐயோ வேண்டாம்! அமெரிக்காவுக்கு விசிட்டர் விசாவில் வந்தவர்கள் தேர்தலுக்குப் பணம் கொடுப்பது சட்டவிரோதம்.

மாமா: அப்படியா? சீரியலே பார்க்க விடாமல் டிவியில் ஒருத்தரை ஒருத்தர் திட்டுகிறார்களே, அது யார் காசு?

மாப்பிள்ளை: நிறைய சூப்பர் பேக் காசாக இருக்கும், அதாவது வேட்பாளருக்காக வெளியே இருந்து தனியாகச் செலவு செய்கிற அமைப்புகள். வேட்பாளருக்கு நேரடியாக என்றால், 2024-ல் ஒருவர் ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர்தான் தரலாம் என்று இருந்தது. சூப்பர் பேக்குக்கு வரம்பே கிடையாது, 2010-ல் வந்த தீர்ப்புகள். அதே வருடம் டிரம்புக்காக மஸ்க் மூன்றே மாதத்தில் 7.5 கோடி டாலர் இறக்கினார். எதிர்ப்பக்கமும் சளைத்ததில்லை. நாம் இருப்பது பென்சில்வேனியா, யார் ஜெயிப்பார் என்றே சொல்ல முடியாத இழுபறி மாநிலம், இங்கேதான் கொட்டுவார்கள்.

மாமா: 7.5 கோடி அங்கே இருக்க, டேவிட்டிடம் எதற்கு 5 டாலர்?

மாப்பிள்ளை: அந்தப் பணத்தை வேட்பாளர் தொட முடியாது. விளம்பரம் பற்றி இரண்டு தரப்பும் கலந்து பேசவும் கூடாது.

மாமா: பேசாமலா இவ்வளவு பொருத்தமாகத் திட்டுகிறார்கள்?

மாப்பிள்ளை: வேட்பாளர் தன் வெப்சைட்டில் "வாக்காளர்களுக்கு இன்னது தெரிய வேண்டும்" என்று பொதுவாகப் போடுவார். வேண்டியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 2014-ல் மிட்ச் மெக்கானல் என்ற செனட்டரின் தரப்பு, அவர் வாயே திறக்காமல் சிரிக்கிற வீடியோவைப் போட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்து விளம்பரத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

மாமா: ஓ! உங்கள் அத்தை என்னோடு பேசாத நாளில், சுவரைப் பார்த்து "காபி ஆறுகிறது" என்பாளே!

மாப்பிள்ளை: அதேதான். ஆனால் 2024 மார்ச்சில் தேர்தல் ஆணையம், வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பதற்கு மட்டும் கலந்து பேசலாம் என்றது.

மாமா: சமாதானமாகிவிட்டார்களா!

மாப்பிள்ளை: அதற்கு மட்டும். டிவி விளம்பரத்துக்குக் கூடாது.

மாமா: அதற்குச் சுவர்.

மாப்பிள்ளை: பணம் மட்டும் ஜெயிக்காது மாமா. 2020-ல் அதிபர் வேட்பாளராகக் கட்சிக்குள் போட்டியிட்ட கோடீஸ்வரர் ப்ளூம்பெர்க் சொந்தக் காசு 100 கோடி டாலர் விட்டார். ஜெயித்தது அமெரிக்கன் சமோவா என்ற குட்டித் தீவுப் பகுதியில் மட்டும்.

மாமா: அவர் ஏன் தானே போய் நின்றார்? விவரமானவன் அடுத்தவனை நிற்க வைத்துவிட்டு, ஜெயித்தபிறகு அவன் ஆபீஸில் போய் உட்காருவான். சரி, நீங்கள் யாருக்காவது கொடுத்தீர்களா?

மாப்பிள்ளை: ...250 டாலர்.

மாமா: என் பெண்ணிடம் கலந்து பேசினீர்களா?

மாப்பிள்ளை: மாமா, மெதுவாக!

மாமா: (சமையலறைச் சுவரைப் பார்த்து, சத்தமாக) யாரோ 250 டாலர் கொடுத்தார்களாம்!