ஜாஸ் 1917இல் பிறந்ததா? இல்லை

"ஜாஸ் இசையைக் கண்டுபிடித்தது ஒரிஜினல் டிக்சிலாண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழு, 1917இல் முதல் இசைத்தட்டு போட்டதே அதற்குச் சாட்சி" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இசைத்தட்டுத் தகவல் சரி. அந்த ஐவரும் அந்த ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காக வாசித்தார்கள், தட்டு அமோகமாக விற்றது. ஆனால் முதலில் பதிவு செய்தவர்கள் என்பதால் உருவாக்கியவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

அவர்களே அமெரிக்காவின் தென்பகுதி நகரமான நியூ ஆர்லியன்ஸில் அந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அங்கே 1900 வாக்கிலேயே பட்டி போல்டன் என்ற கறுப்பினக் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) கலைஞர் நடன அரங்குகளில் ப்ளூஸ், ராக்டைம் என்ற கறுப்பின இசை வகைகளைக் கலந்து, மெட்டை மனம்போல வளைத்து வாசித்துக்கொண்டிருந்தார். 1907இல் அவரை மனநலக் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். 1931இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. அவர் வாசிப்பின் ஒலிப்பதிவு எதுவும் நம்மிடம் இல்லை. அப்பேர்ப்பட்ட கலைஞரின் பெயர் இப்படி மறைக்கப்படுவது வேதனை.

அதற்கும் முன்னால், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிறுதோறும் நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில் கூடி முரசு கொட்டி ஆடினார்கள். அந்தத் தாளமும், தேவாலயப் பாடலும், ஊர்வலங்களின் பித்தளை வாத்தியங்களும் பல தலைமுறைகளாகக் கலந்துதான் ஜாஸ் உருவானது.

அப்புறம் இன்னொன்று. ஃப்ரெடி கெப்பர்ட் என்ற கார்னெட் கலைஞர் இருந்த கறுப்பினக் குழு ஒன்று 1914 முதலே அமெரிக்க நகரங்களில் ஜாஸை மேடையேற்றியது. கிங் ஆலிவர் என்ற கறுப்பினக் கார்னெட் கலைஞரின் குழு, பின்னாளில் ஜாஸின் பெரும் நட்சத்திரமான இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன், 1923இல்தான் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தது. அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள்.