பெட்டியிலிருந்து கையை எடுங்கள்

பொரிக்கும் நேரத்தில் கோழி முட்டையின் ஓட்டைக் கையால் உரித்துக் குஞ்சை வெளியே எடுக்கும் அந்த வீடியோவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் அதையே எனக்கு அனுப்புகிறீர்கள். "அக்கா, நீங்களும் இப்படிச் செய்யலாமே, எதுக்கு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கிறீங்க" என்று வேறு கேட்கிறீர்கள். செய்ய மாட்டேன். நீங்களும் செய்யாதீர்கள்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். முட்டை பொரிக்கும் பெட்டியான இன்குபேட்டரின் மூடி முழுசாகத் திறந்து கிடக்கிறது. மேலே மின்விசிறி ஓடுகிறது. அந்தத் தம்பி ஒரு முட்டையைக் கையில் எடுத்து, நகத்தால் ஓட்டைத் துண்டு துண்டாக உரிக்கிறார். உள்ளே இருக்கும் வெள்ளைச் சவ்வில் ரத்தம் கசிகிறது. கட்டைவிரலைக் கைலியில் துடைத்துவிட்டு அடுத்த முட்டையை எடுக்கிறார். கீழே நூற்றுக்கணக்கில் இதயக்குறி. ரத்தம் ஒருவர் கண்ணில்கூடப் படவில்லையா?

"ரத்தம் வருகிறது, நிறுத்துங்கள்" என்று மட்டும்தான் நான் எழுதினேன். அதற்கு வந்த பதில்களை நீங்களே பார்த்தீர்கள். கோழி டாக்டரா என்று ஒருவர். கடைசியில் குழம்புதானே என்று ஒருவர். வேலைவெட்டி இல்லாத பொம்பளை என்று ஒருவர்.

சரி, வேலைவெட்டி இல்லாதவள் சொல்வதாகவே இருக்கட்டும். ரத்தம் ஏன் வருகிறது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள்.

கோழி முட்டைக்கு 21 நாள். 18 நாள் வரை திருப்பிப் போட வேண்டும், அதற்கப்புறம் தொடவே கூடாது. கடைசி நாட்களில் குஞ்சு முதலில் முட்டையின் அகன்ற பக்கத்தில் இருக்கும் காற்றறைக்குள் மூக்கை நுழைக்கும். நுரையீரல் வேலை செய்ய ஆரம்பிப்பது அப்போதுதான். உள்ளிருந்து கீச் சத்தம் கேட்கும். பிறகு மூக்கு நுனியில் இருக்கும் சின்ன வெள்ளை முள்ளால் ஓட்டில் ஓர் இடத்தில் குத்தும். விரிசல் விட்டதும் நமக்குச் சந்தோஷம், இதோ வந்துவிட்டது என்று குதிக்கிறோம். ஆனால் குஞ்சு அதோடு நிறுத்திவிடும். 12 மணி நேரம், சில சமயம் 24 மணி நேரம், ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

ஒன்றும் நடக்காமல் இல்லை. அத்தனை நாள் மூச்சுக்கு உதவிய ரத்தக் குழாய்கள் அந்தச் சவ்வில்தான் ஓடுகின்றன. அந்த ரத்தம் குஞ்சின் உடம்புக்குள் திரும்ப வேண்டும். மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போக வேண்டும். இரண்டும் முடிந்த பிறகுதான் குஞ்சு உள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டை வட்டமாக உடைத்து, காலால் உந்தி வெளியே வரும். அதற்கு முன்னால் நீங்கள் உரித்தால் கிழிவது ரத்தக் குழாய். அது உதவி இல்லை. பெட்டியிலிருந்து கையை எடுங்கள்.

"அதுக்கு மூச்சு முட்டும், பசிக்கும்" என்று எழுதியிருந்தார் ஓர் அம்மா. அந்த மனசு எனக்குப் புரிகிறது. மூச்சுக்கு மூக்கால் குத்திய அந்தச் சின்னத் துளையே போதும். பசிக்கு உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இருக்கிறது. பொரிந்தபின் இரண்டு நாள்கூட அதை வைத்தே தாங்கும். ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு ஊர் விட்டு ஊர் பஸ்ஸில் அனுப்புகிறார்களே, அது எதனால் முடிகிறது?

எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. போன வருசம் ஆடிக்கு வந்த என் கொழுந்தனார், பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் என்று பெட்டியைத் திறந்து திறந்து மூடியிருக்கிறார். நான் அடுப்படியில் இருந்தேன். கடைசி மூன்று நாள் உள்ளே ஈரப்பதம் 65, 70 சதவீதம் இருக்க வேண்டும். ஒரு தடவை திறந்தாலே அந்த ஈரக்காற்று ஓடிவிடும். சவ்வு காய்ந்து, வெயிலில் விறைத்த துணி மாதிரி குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதனால் திரும்ப முடியாது. விரிசல் விட்டிருந்த முட்டைகள் அப்படியே நின்றுபோயின. "எல்லாம் கூமுட்டைங்க அண்ணி, வித்தவன் ஏமாத்திட்டான்" என்றார் அவர். ஊருக்குப் போன பிறகு ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் கூமுட்டை இல்லை. முழுசாக வளர்ந்த குஞ்சுகள். ஒன்றின் மூக்கு ஓட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இறகெல்லாம் பசை போட்டு ஒட்டின மாதிரி. அதைச் சொன்னதற்கு, ஒரு கோழிக்குஞ்சுக்காகச் சொந்தத்தைப் பேசுகிறாள் என்று பேர் வந்தது.

"தாய்க்கோழியே கொத்தி உடைத்துவிடும், நாம செஞ்சா தப்பா" என்று கேட்கிறீர்கள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. தாராபுரத்துப் பக்கம் எங்கள் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா வீட்டில் அடைக்கூடை இல்லாத மாதம் இல்லை. கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, இடி இடித்தால் கரு கலைந்துவிடும் என்று ஓர் இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் வைப்பார். இரும்பு இடியைத் தடுக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள், அதை வைத்து வாதாட நான் வரவில்லை. பொரிக்கும் நாளில் கோழி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இரை வைத்தாலும் இறங்காது. வயிற்றுக்குக் கீழே கீச் கீச் என்று சத்தம் வரும், அது அடித்தொண்டையில் கொக்கொக் என்று பதில் சொல்லும். நான் பார்த்த எந்தக் கோழியும் முட்டையை உரித்ததில்லை. நான் கையை நீட்டினால் அம்முச்சி புறங்கையில் ஒரு தட்டுத் தட்டுவார். "உடு சாமி, அதுக்குத் தெரியும்" என்பார்.

சில குஞ்சு நிஜமாகவே மாட்டிக்கொள்ளும், ஒத்துக்கொள்கிறேன். குறுகிய பக்கத்தில் மூக்கு இருந்தால் சிக்கல்தான். விரிசல் விட்டு ஒரு நாளுக்கு மேல் ஆகி, சவ்வு பழுப்பாகக் காய்ந்திருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சு நனைத்துக் கொஞ்சம் விலக்கலாம். ரத்தம் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டு எல்லா முட்டையையும் உரிக்கக் கிளம்பாதீர்கள்.

இருபத்தொன்று என்று எண்ணி வைத்துக்கொண்டு பதறுகிறவர்களுக்கும் சொல்கிறேன். உள்ளே சூடு 37.5 டிகிரிக்கு அரை டிகிரி குறைந்தே ஓடியிருந்தால் குஞ்சு தள்ளித்தான் வரும். ஐப்பசி மழையில் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் நின்று, பெட்டியைக் கம்பளியால் சுற்றிச் சுற்றிலும் சுடுதண்ணீர் பாட்டில் அடுக்கி உட்கார்ந்திருந்த இரவு எனக்கு இருக்கிறது. அந்த அடை 22ஆம் நாள் முடியும்போதுதான் பொரிந்தது. நடுவில் திறந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அந்த இரவு நான் பட்ட பயத்தை வேலைவெட்டி இல்லாதவள் என்று ஒற்றை வார்த்தையில் தள்ளிவிட்டுப் போகிறீர்கள். எனக்கும் அடுப்பு இருக்கிறது, மாடு இருக்கிறது, படிக்கிற பையன் இருக்கிறான்.

குழம்புதானே என்றவருக்கும் ஒன்று. ஆமாம், எங்கள் வீட்டிலும் கோழி அடிப்போம், சாப்பிடுவோம். அதற்காக ஓட்டுக்குள்ளேயே ரத்தம் ஒழுகிச் சாக விட வேண்டும் என்று இருக்கிறதா? சாப்பிடுகிறவனுக்குத்தான் இதில் பொறுப்பு அதிகம்.

இப்போது என் பெட்டியில் சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகள் 19ஆம் நாளில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொன்ன சொந்தங்கள் எல்லோரும் கட்டாயம் வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பெட்டி இருக்கும் அறை பூட்டியிருக்கும், சாவி என்னிடம்தான் இருக்கும். குஞ்சுகள் காய்ந்து, சூடு கொடுத்து வளர்க்கும் புரூடருக்கு மாறிய பிறகு நானே கூப்பிட்டுக் காட்டுகிறேன்.